திறக்காத வால்வு

1996 ஜனவரி, சனி இரவு, லவால், கனடா.

இன்று பின்னேரம் கீழறையில் உள்ள, வீட்டைச் சூடாக்கும் விறகு பொயிலரைச் சோதித்தேன். கரண்ட் போய், தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றால், ஒரு வால்வு தானாகத் திறந்து, சூடேறிய தண்ணீரை மேல்மாடி ரேடியேட்டருக்கு விட வேண்டும். விடாவிட்டால் பொயிலர் வெடிக்கவும் கூடும். அதனால் கொஞ்ச விறகு மட்டும் வைத்து எரித்தேன். மனைவி ரதி மேலே போய் ரேடியேட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பம்பை நிறுத்தினேன்.

சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

“சுடுதோ?” என்று கீழிருந்து கேட்டேன்.

“இல்லையப்பா, ஐஸ் மாதிரிக் கிடக்கு.”

முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. நெருப்புக்குக் காற்று போகும் வழியை அடைத்துவிட்டு பம்பைத் திரும்பப் போட்டேன். முள் இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு குளிர்காலமாகப் பிள்ளைகளோடு இதற்கு மேலேதான் படுத்திருக்கிறோம்.

விறகு எரிந்து தீர, நெருப்பை நூரவிட்டேன். சாப்பிடும்போது ரதி மெதுவாகக் கேட்டாள்: “அண்ணை வீட்டுப் பொயிலரையும் எங்களுக்கு வச்சுத்தந்த ஆள்தானே பூட்டினவர்?”

இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அண்ணைக்கு உடனே போன் எடுத்து, வால்வு திறக்காததைச் சொன்னேன். நித்திரைக் குரலில் கதைத்தார்.

“விடியுமட்டும் தாங்கட்டும் எண்டு நிறைய விறகு அடைஞ்சிட்டுப் படுத்திட்டன் தம்பி. நாளைக்குப் பாப்பம். கரண்ட் இருக்கேக்க என்ன பயம்?”

நாளைக்குப் போகலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வெளியே காற்று பலமாக அடிக்கிறது. லைட் இரண்டு தரம் மங்கி எரிந்தது. திரும்பப் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை.

இப்போது கரண்ட் போய் தெரு முழுக்க இருட்டு. ரதி ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் என் கோட்டுமாக நிற்கிறாள்.