டொராண்டோவிலிருந்து முப்பத்திரண்டு மணி நேரம்

புனே,
14-7-1998

சிரஞ்சீவி சாய்கிருஷ்ணாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். நீயும் சௌபாக்கியவதி பார்கவியும் டொராண்டோவில் தேக சௌக்கியத்துடன் இருக்க நித்தியம் பிரார்த்திக்கிறேன். இங்கும் அவ்வாறே என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. இம்முறை அதற்குக் கை வரவில்லை.

உன் அம்மாவின் இருதயம் மிகவும் தளர்ந்துவிட்டது, ஆவணி வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லிப் பத்து நாளாகிறது. அவளிடம் நான் சொல்லவில்லை. வீட்டு ஃபோன் அவள் கட்டிலருகே இருப்பதால் வெளியே பூத்திலிருந்து உன்னை அழைத்தேன். குரலைக் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நீலா தினமும் சிஞ்ச்வட்டிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து சமைத்துவிட்டுப் போகிறாள். "உப்பு வேண்டாம்னுதான் டாக்டர் சொன்னார், ருசியும் வேண்டாம்னு சொல்லலையேடி" என்று அம்மா நேற்றுகூட மகளைக் கேலி செய்தாள். சிரித்து முடிக்குமுன் மூச்சு வாங்கிற்று.

மாடி வீட்டு ஜம்புநாதன் சென்ற வருஷம் ஆனியில் காலமானது உனக்குத் தெரியும். பம்பாயிலிருந்து வரும் கண்டாலா மலைப்பாதையில் மண் சரிந்ததால், சிட்னியிலிருந்து அவர் மகன் வந்து சேர நாற்பத்தொரு மணி நேரமாயிற்று. அதுவரை உடலைக் கிடத்தியிருந்த பனிக்கட்டி உருகி, நீர் படிகளில் இறங்கி நம் வாசலுக்கு வந்தது. அம்மா அதைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நினைவில்தான் கேம்ப் கடைத்தெருவில் விமான டிக்கெட் போடும் ஆம்பூர் இஸ்மாயிலிடம் போய்க் கணக்குக் கேட்டேன். சுமார் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டராம். நீ வீட்டைவிட்டு விமானம் ஏற மூன்று மணி, லண்டனுக்கு ஏழு, அங்கே காத்திருக்க ஐந்து, பம்பாய்க்கு ஒன்பது, வெளியே வர இரண்டு, மழையில் புனேக்கு ஆறு. கூட்டிச் சொன்ன இஸ்மாயில் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன சாமி, ரெண்டு பேரும் ஒண்ணையே கேக்குறீங்க? போன வாரந்தான் மாமி ஆட்டோவுல வந்து, கண்டாலாவுல மண்ணு சரிஞ்சா எவ்வளவு கூடும்னு வரைக்கும் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. தம்பி லீவுல வர்றாரா மாமின்னேன். வரவழைக்க வேண்டியிருக்கும் பாய்னாங்க" என்றார்.

வீடு திரும்பினேன். அன்று மாலை ஜபத்தில் மூன்று முறை எண்ணிக்கை தவறியது.

தாய்க்கு மகன் கொள்ளி வைப்பதன் மேன்மையைச் சாஸ்திரம் கூறுகிறபடி உனக்குப் பலமுறை எடுத்துரைத்தவன் நான். இப்போது வேறு சொல்கிறேன். அவளை முப்பத்திரண்டு மணி நேரம் பனிக்கட்டியில் கிடத்த எனக்கு மனமில்லை. கர்த்தாவாக நானே இருந்து செய்துவிடுவேன், வாத்தியாரிடமும் சொல்லியாயிற்று. ஆகையால் ஃபோனில் செய்தி வந்தபின் புறப்பட்டால் நீ காரியங்களுக்கு வருவாய், அம்மாவிடம் வரமாட்டாய். இக்கடிதம் வந்து சேரவே பத்து நாளாகும். அதுவரை பகவான் அவளை வைத்திருக்க வேண்டும். கண்ட அன்றே புறப்படு.

உங்கள் இருவருக்கும் தீர்க்காயுளும் சகல மங்களமும் உண்டாகட்டும். ஒன்று மறவாதே: அம்மா கேட்டால் ஆபீஸ் வேலையாகப் பம்பாய் வந்தேன் என்று சொல். நம்பமாட்டாள். ஆனாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்வாமிநாதன்