சட்டைப் பையில் கருப்பட்டி

நீ செத்த முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தபோது, என் சட்டைப் பையிலிருந்து கருப்பட்டி வாசம் வந்தது. வெயிலில் இளகித் துணியோடு ஒட்டியிருந்தது. உனக்கு நினைவிருக்கும். மதுரையில் குடியை விடுவதற்காக நாம் இருவரும் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்த இடத்தில், ஆசை வந்தால் வாயில் இனிப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தங்கச்சிமடம் திரும்பியதும் ஆளுக்கொரு துண்டைப் பையில் வைத்துக்கொண்டே கடலுக்குப் போனோம்.

அடுத்த மழைக்காலம் வரைகூட நீ குடிக்காமல் தாங்கவில்லை. ஒருநாள் உன் துண்டை என் கையில் திணித்து, "இனி இதயும் நீயே தின்னுலே, எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டு, படகு மறைவில் உட்கார்ந்திருந்த கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாய். எனக்கு வருத்தம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. உன்னைக் கண்டதும் அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நீ பேசினால் கரையே சிரித்தது. நான் வீட்டுக்கான கறிமீனைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தேன். குடியை விட்டவனிடம் பேச அவர்களுக்கு ஒன்றுமில்லை. உன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எரிந்தேன் என்றால் நம்புவாயா? எனக்கு அதில் பாதிகூட வராது.

இன்றும் அதே படகு மறைவில் உன் பெயரைச் சொல்லிப் பாட்டிலைத் திறந்தார்கள். உன் அண்ணன் கிளாஸை நீட்டி, "அவனுக்காக ஒரு வாய் குடிலே. கூட்டாளின்னு சொல்லிக்கிட்டா மட்டும் போதுமா?" என்றார். எத்தனையோ நாள் கழித்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இடமும் விட்டிருந்தார்கள், நீ உட்காரும் இடம். உட்கார்ந்துவிட்டேன். கையும் நீண்டுவிட்டது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. வயிறு வீங்கிக் கிடந்தாய். தண்ணீர் டம்ளரைக்கூட உன் மனைவிதான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவன், "ஒன் கையப் பாத்தா பொறாமையா இருக்குலே. நடுங்கவே மாட்டேங்குது" என்றாய்.

நீயும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய். கையை இழுத்துக்கொண்டேன். பையில் ஒட்டியிருந்த கருப்பட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். நூலும் சேர்ந்து வந்தது. உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. உன் இடத்தில் உட்கார்ந்தே உன் கதைகளைக் கேட்டேன். அவர்கள் சிரித்தபோதெல்லாம் எரிந்தது, இப்போதும் எரிகிறது.

ஆனால் இந்த மடலை எழுதுகிற கையைப் பார். நீ ஆசைப்பட்ட கை. எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.