வானொலியில் வராத பெயர்

மூஸ் ஜா
9 செப்டம்பர் 1984

திருமதி இர்மா தீசன் அவர்களுக்கு,

லோர்னா கில்பிரைட் எழுதுகிறேன். உங்கள் எல்டன் நேற்று மதியம் பஸ்ஸில் பத்திரமாக வந்து சேர்ந்தான். வெளியூர்ப் பையன்களை அணிக்காரர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவராகத் தங்க வைப்பது வழக்கம். இந்த முறை என் வீட்டுக்கு உங்கள் பிள்ளை. கவலையே படாதீர்கள். ஐஸ் ஹாக்கி அரங்கத்துக் கேண்டீனில் இருபது வருஷமாக உருளைக்கிழங்கு வறுக்கிறவள் நான். பதினாறு வயசுப் பசி எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் அம்மாடி, இப்படி ஒரு பசியை நான் பார்த்ததில்லை! "இன்னும் வேணுமாப்பா?" என்றால், "போதுங்க" என்கிறான். கண் மட்டும் பாத்திரத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

தடுப்பாட்டக்காரனுக்குப் பின்பக்கமாகச் சறுக்கத் தெரிய வேண்டும், அதுதான் இவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். வந்துவிடும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
லோர்னா கில்பிரைட்

கேரட் ரிவர்
21 அக்டோபர் 1984

அன்புள்ள திருமதி கில்பிரைட்,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவனுக்குத் தயிர்க்கட்டி அடைத்த கொழுக்கட்டை என்றால் உயிர். செய்முறை தனித்தாளில் இருக்கிறது. மாவை மெல்லிசாகத் தேய்க்காதீர்கள், வெடித்துவிடும்.

எங்களால் ஆட்டம் பார்க்க வர முடியாது. முப்பது மாடு, காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். கொட்டகையில் வானொலி வைத்திருக்கிறேன். ஐந்து ஆட்டம் கேட்டாயிற்று. அவன் பெயர் மூன்றே தடவைதான் வந்தது. ஒருமுறை வழுக்கி விழுந்தானாம், இரண்டுமுறை தப்பாட்டம் ஆடி வெளியே உட்கார்ந்தானாம். மற்ற பையன்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிற அந்த மனுஷனுக்கு என் பிள்ளை பெயரைச் சொன்னால் வாய் வலிக்குமா? அவனை ஆட விடுகிறார்களா, பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறார்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வருஷம்தான் என்று அவன் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற பெரிய அணி எதுவும் கூப்பிடாவிட்டால் பண்ணைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இப்படிக்கு,
இர்மா தீசன்

மூஸ் ஜா
2 நவம்பர் 1984

அன்புள்ள இர்மா,

இனிமேல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். உன்னைவிட நான் பதினைந்து வயசாவது மூத்தவள்.

அட பைத்தியமே, பெயர் வராததுதான் நல்ல செய்தி! கோல் போடுகிறவன் பெயரைத்தான் வானொலிக்காரன் கத்துவான். உன் பிள்ளைக்குக் கோல் விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை. எதிராளி எந்த வழியாக வருவான் என்று கணித்து, முன்னாடியே போய் மட்டையை நீட்டிவிடுகிறான். வந்தவன் வழியில்லாமல் ஓரமாக ஒதுங்கிவிடுகிறான். அதோடு சரி, ஒன்றும் நடக்காது. நடக்காததை வானொலியில் எப்படிச் சொல்வது?

ஆரம்பத்தில் ஆளை இடித்துத் தள்ளவே ஓடுவான். "டேய், ஆள் பிடிக்க வந்தியா, ஆட்டம் ஆட வந்தியா?" என்று பயிற்சியாளர் அரங்கமே அதிரக் கத்தினார். இப்போது நிதானம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினமும் பின்பக்கமாகச் சறுக்கிப் பழகுகிறான். விழுந்து விழுந்து முழங்கையெல்லாம் நீலம்.

கொழுக்கட்டை வெடித்துவிட்டது. "எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இருபத்திரண்டு தின்றான்.

அன்புடன்,
லோர்னா

கேரட் ரிவர்
11 பிப்ரவரி 1986

அன்புள்ள லோர்னா அக்கா,

நேற்று முழு ஆட்டத்திலும் அவன் பெயர் ஒருதடவைகூட வரவில்லை! பாட்டுப் பாடிக்கொண்டே கறந்தேன். "என்னடி, இன்னிக்கு ரொம்ப குஷியா இருக்கே?" என்றார் அவன் அப்பா. "உங்க பிள்ளை பேரே வரலைங்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். ஒன்று அவனுக்கு, ஒன்று உங்களுக்கு. அந்தக் கேண்டீன் சிமெண்டுத் தரையில் நின்று நின்று கால் என்னத்துக்கு ஆகும்?

உங்கள்
இர்மா

மூஸ் ஜா
24 ஜூன் 1986

அன்புள்ள இர்மா,

மூன்று கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ஏப்ரலில் இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் முடிந்ததும் வானொலிக்காரன் அவன் முன்னால் மைக்கை நீட்டி, "அடுத்து என்னப்பா?" என்று கேட்டான். "வீட்டுக்குத்தான். அம்மா சூப் வச்சுக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டில் சூப் வைத்துவிட்டு வந்தவள் நான். கேண்டீன் ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். ஐயோ, இர்மா கேட்டிருப்பாளே என்று கை கால் ஓடவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது கார் பாதி தூரம் வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. விக்கி விக்கி அழுதான்.

அப்படிக் கூப்பிடு என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. ஆனால் உன்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்? பிள்ளை இல்லாதவள் நான். அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னை மன்னித்துவிடு.

இந்த மாதம் பெரிய அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது இவனை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் நேற்று ஓர் அணியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் முகாமுக்கு வா, நன்றாக ஆடினால் வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பதினெட்டு ஆகாததால் படிவத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். இவனோ அதை அலமாரியில் துணிக்கடியில் ஒளித்துவிட்டு, "பள்ளிக்கூடம் முடிஞ்சதும் பண்ணைக்கே போறேன். எங்கம்மா மனசை நோகடிச்சிட்டு நான் ஆடிக் கிழிச்சது போதும்" என்கிறான்.

அவனுக்குத் தெரியாமல் எடுத்து அனுப்புகிறேன். என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. அவனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசிவிடு.

லோர்னா

கேரட் ரிவர்
1 ஜூலை 1986

அன்புள்ள லோர்னா அக்கா,

கோபம்தான். இரண்டு மாசக் கோபம். அன்றைக்கு வானொலியை அணைத்துவிட்டு, மிச்ச மாடுகளையும் கறந்து முடித்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். முதலில் உங்கள் மேல் எரிச்சல், அப்புறம் அவன் மேல். கடைசியில் என் மேலேயே வந்தது. பிள்ளையின் ஆட்டத்தை ஒருதடவைகூடக் கண்ணால் பார்க்காத அம்மா நான்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதது. அவனை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்த அன்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இனி என்னிடம் வந்துவிடுவான் என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது!

நேற்று அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். உங்களிடம் சொல்லியிருப்பான். "சூப் வச்சுக் காத்திருந்தவளை அம்மான்னு சொன்னே, பொய்யா சொன்னே? பேசாம இருந்தது நான், தப்பு என்னோடது. நீ போய் ஆடுடா" என்றேன். "சரிம்மா" என்று மூக்கை உறிஞ்சினான். "முகாம்தானே, வேலையா குடுத்துட்டான்?" என்று அவன் அப்பா முனகினார். முனகட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அடிபட்டால், அவசரம் என்றால் யாருக்குச் சொல்வது என்று ஒரே ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். நான் எந்நேரமும் கொட்டகையில் கிடப்பவள், மணி அடித்தாலும் கேட்காது. அதனால் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். என்ன உறவு என்ற இடத்தில் அம்மா என்று போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

உங்கள்
இர்மா