மூன்றாம் சான்று: ஒரு ஜாடி மிளகாய் விழுது

ஜனவரி 9, வியாழன்

காலையிலிருந்து பனி. ரயில் தாமதம், வழக்கறிஞர்கள் அதைவிடத் தாமதம்.

கூட்டாட்சி நீதிபதி என்றதும் கொலைகாரனைத் தூக்குக்கு அனுப்புகிறவள் என்று என் கணவர் டெஸ்மண்டின் தங்கை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எங்கள் சுங்க நீதிமன்றத்தில் என் முன்னால் வருவது காலுறை, குளியல் தொட்டி, பொம்மைக் கரடி. கரடி பொம்மையா, முதுகில் ஜிப் இருப்பதால் பையா? அதைப் பொறுத்துத்தான் சுங்க வரி. இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எனக்கு இது பிடிக்கவும் செய்கிறது. வெட்கமில்லை.

இப்போது மேஜையில் இருப்பது டெர்ஸியான் வழக்கு. நதிக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்ஸியில் கடை வைத்திருக்கும் ஆர்மீனியக் குடும்பம். ஜாடியில் சிவப்பு மிளகாய் விழுது இறக்குமதி செய்கிறார்கள். அது சாஸா, பக்குவப்படுத்திய காய்கறியா? சாஸ் என்றால் வரி கொஞ்சம். காய்கறி என்றால் மிக அதிகம். அதுவும் பழைய சரக்குகளுக்கும் சேர்த்து. வாஹான் டெர்ஸியான் கூண்டில் நின்று, அவருடைய வக்கீல் கோட்டைப் பிடித்து இழுக்க இழுக்கச் சொல்லிவிட்டார்: "காய்கறின்னு எழுதிட்டீங்கன்னா நான் கடையைச் சாத்திட்டு டாக்ஸி ஓட்டப் போக வேண்டியதுதான், ஜட்ஜம்மா."

இரண்டு தரப்பு நிபுணர்களும் பிசுபிசுப்பைப் பற்றியே பேசினார்கள். மனிதர்கள் அதை வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

வரைவு பாதி முடிந்தது. சாஸ் என்றுதான் போகிறது.

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கம்: மாதிரிப் பொருளும் ஒரு சாட்சி, சில சமயம் மனிதச் சாட்சிகளைவிட வலுவான சாட்சி. பொருளை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினால்தான் எனக்கு ஓடும். ஆகவே மூன்றாம் சான்றை, அதாவது அந்த ஜாடியை, பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சான்றுப் பொருள்கள் லோர்னாவின் அலமாரியை விட்டுப் போகக் கூடாது. பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கும் என் செயலாளர் அவள். பார்த்திருந்தால் கத்தியிருப்பாள். பார்க்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சாயங்காலம் நடந்துவிட்டு வந்தேன். வீடெல்லாம் மணம். டெஸ்மண்ட் சமையலறையில் விசில் அடித்துக்கொண்டிருந்தார். "உக்காரு கோரா, உக்காரு. ஃபிரிட்ஜ்ல ஏதோ மிளகாய் ஜாடி இருந்துச்சு. அப்படியே வாணலியில கவுத்துட்டேன், மேல முட்டை."

ஜாடி கழுவுதொட்டியில் கிடந்தது. சான்று எண் ஸ்டிக்கர் பாதி நனைந்திருந்தது.

அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். முழு ஜாடியையும் இரண்டு பேரும் தின்று தீர்த்தோம், முள்கரண்டியால், பீன்ஸ் பொரியலைத் தின்பது போல. உப்புதான் தூக்கல். சாப்பிடும்போதே மனசுக்குள் ஒரு குரல்: இது சாஸ் இல்லையடி, இது காய்கறி!

ஜனவரி 22, புதன்

தீர்ப்பு வெளியாகிவிட்டது. காய்கறி. 'மாதிரிப் பொருளை நேரில் ஆராய்ந்ததில்' என்று ஒரு வரி எழுதினேன். ஆராய்ந்தது உண்மைதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அழகான தீர்ப்பு என்று பக்கத்து அறை நீதிபதி ஸ்டேவ்லி சொன்னார். அவர் லேசில் யாரையும் புகழமாட்டார்.

அந்தப் புகழ்ச்சியை டெஸ்மண்டிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

டெர்ஸியான் மேல்முறையீடு செய்துவிட்டார். லோர்னா வாசலில் வந்து நின்றாள்.

"ஜட்ஜம்மா, சான்றுகளை மேல அனுப்பணும். மூணாம் நம்பர் ஜாடியைக் காணோம். எங்க வச்சீங்க?"

"வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரேன்."

வாயிலிருந்து எப்படி வந்தது? யோசிக்கவே இல்லை, பச்சைப் பொய்! பொய்ச் சாட்சி சொல்கிறவர்களைப் பார்த்து எத்தனை தடவை மூக்கைச் சுளித்திருக்கிறேன்.

வீட்டில் காலி ஜாடிகூட இல்லை. டெஸ்மண்ட் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நதியைத் தாண்டிப் போனேன். வேறு எந்தக் கடையிலும் அந்த ஜாடி கிடைக்காது. அதே ஜாடி ஒன்று வாங்க வேண்டும், புது ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், லோர்னாவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் அதற்குப் பேர் மோசடி என்று தெரிகிறது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை.

வாஹான் இல்லாத நேரம் பார்த்துத்தான் நுழைந்தேன். கல்லாவில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அவருடைய தங்கை சிருன், பேர் வழக்குத் தாள்களில் இருந்தது. நீதிமன்றத்துக்கு அவள் வந்ததில்லை, என்னைத் தெரியாது. அலமாரி பாதி காலி. அந்த விழுது ஒரே ஒரு ஜாடி இருந்தது.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா," என்றாள். "கடைசி ஜாடி. மீதியெல்லாம் துறைமுகத்துக் கிடங்குல மாட்டிக்கிட்டு இருக்கு. வரியைக் கட்டினாத்தான் விடுவாங்களாம். கட்ட எங்க போறது?"

"ஒண்ணே ஒண்ணு போதும். விலை எவ்வளவானாலும் பரவாயில்லை."

"அதென்ன அப்படி ஒரு அவசரம்? என்ன சமைக்கப் போறீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். முட்டையோடு, காய்கறி மாதிரி.

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே நிற்கிறது. "காய்கறி மாதிரியா? ஐயோ கடவுளே! ஏம்மா, இதை யாராவது அப்படித் தின்பாங்களா? சூப்ல ஒரு கரண்டி, கறியில தடவ ஒரு கரண்டி. ஒரு ஜாடி எங்க வீட்டுக்கு ஒரு மாசம் வரும். நீங்க சொல்ற மாதிரி தின்னா ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சிட்டே கிடக்கணும்."

குடித்தோம். இரண்டு பேரும் குடித்தோம்.

அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இது காய்கறின்னு அங்க ஒரு ஜட்ஜம்மா எழுதியிருக்கா. ஒரு வாட்டி வாயில வச்சுப் பாத்திருந்தா அப்படி எழுதியிருப்பாளா, சொல்லுங்க?"

மாதுளைச் சாறு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

தூக்கமில்லை. தப்பாகத் தின்று தப்பாக எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு குடும்பம் கடையை மூட வேண்டுமா?

பிப்ரவரி 27, வியாழன்

லோர்னாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். ஜாடியைத் தின்றதைச் சொன்னேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தின்னுட்டீங்களா?"

"ஆமாம்."

"சான்றையா?"

"ஆமாம் லோர்னா."

"இத்தனை வருஷத்துல கரடியைப் பிச்சுப் பாத்த ஜட்ஜைப் பாத்திருக்கேன், செருப்பைப் போட்டுப் பாத்த ஜட்ஜைப் பாத்திருக்கேன். தின்னவரைப் பாத்ததில்ல." சிரிக்கவில்லை. "என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க? அதுதான் எனக்கு வலிக்குது."

இரண்டு தரப்புக்கும் நானே எழுதினேன்: சான்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன், அது உண்ணப்பட்டது, நானும் உண்டேன், அது என் முடிவை மாற்றியது, இந்தத் தீர்ப்பு நிற்கத் தகுந்ததல்ல. எல்லாம் எழுதினேன்.

எல்லாம் இல்லை. கடைக்குப் போனதை எழுதவில்லை. லோர்னாவிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேல் நீதிமன்றத்திலிருந்து வழக்கு திரும்பி வந்தது. என் தீர்ப்பு ரத்து. புது விசாரணை ஸ்டேவ்லியிடம். தொட்டால் சுடும் என்பது போல நான் அந்தப் பக்கமே போவதில்லை.

தலைமை நீதிபதி ஓகில்வி கூப்பிட்டுத் திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டினார்தான். பிறகு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படித் தானா முன்வந்து சொல்ற தைரியம் எத்தனை பேருக்கு வரும், கோரா? செப்டம்பர்ல புது நீதிபதிகளுக்கு ஒரு கூட்டம் இருக்கு. நேர்மையைப் பத்தி நீதான் பேசணும்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

ஏப்ரல் 2, புதன்

டெஸ்மண்ட் விருந்தினர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். "என் சமையல் ஒரு தீர்ப்பையே கவுத்துடுச்சு!" நானும் கூடச் சிரித்தேன். நான் கடைக்குப் போனது அவருக்கும் தெரியாது.

ஜூன் 11, புதன்

ஸ்டேவ்லியின் விசாரணைப் பதிவை எடுத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

சிருன் கூண்டில் ஏறியிருக்கிறாள். வீட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று ஸ்டேவ்லியே கேட்டிருக்கிறார். (நான் கேட்காத கேள்வி.) சூப், கறி, ரொட்டி, எல்லாம் சொல்லியிருக்கிறாள். உங்கள் ஆட்கள் அல்லாதவர்களும் வாங்குகிறார்களா என்று அரசாங்க வக்கீல் கேட்டதற்கு அவள் பதில்:

"வாங்குறாங்களே. பிப்ரவரியில ஒரு அம்மா வந்தாங்க. பாவம், என்ன விலையானாலும் தரேன்னு கெஞ்சினாங்க. இருந்தது கடைசி ஜாடி, அதை அப்பீலுக்கு வேணுமேன்னு எடுத்து வச்சிருந்தோம். இல்லன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா முகம் அப்படியே செத்துப்போச்சு. குடுத்திருக்கலாமேன்னு இன்னும் தோணுது."

பாவம் என்கிறாள்! என்னைப் பார்த்து.

ஓகில்வியின் அறைவரை போனேன். கதவுக்கு முன்னால் நின்றேன். இப்போது சொன்னால் விசாரணை மறுபடி குழம்பும், டெர்ஸியானுக்கு இன்னும் தாமதம் ஆகும், தீர்ப்பு வரட்டும் என்று திரும்பிவிட்டேன். நல்ல காரணம்தான். நல்ல காரணம் கிடைத்ததில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஸ்டேவ்லி தீர்ப்பு சொல்லிவிட்டார். சாஸ். பழைய சரக்குகளுக்குக் கட்டிய கூடுதல் வரி திரும்ப வரும், கிடங்குச் சரக்கும் வெளியே வரும். டெர்ஸியான் தாழ்வாரத்தில் லோர்னாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாராம். "நான் என்ன பண்ணேன்னு எனக்கு முத்தம்?" என்று அவள் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல் எனக்குச் சாக்கு இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

கூட்டம். புது நீதிபதிகள் வட்ட மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள், ஓகில்வி முன்வரிசையில். என் நேர்மையைப் பற்றி அவரே நாலு வார்த்தை சொல்லி அறிமுகம் செய்தார். கைதட்டினார்கள்.

முட்டைக் கதையைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, பஸ் ஏறி நதியைத் தாண்டிப் போனதைச் சொன்னேன். எதற்காகப் போனேன் என்பதையும். ஓகில்வி தலையைக் குனிந்துகொண்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அந்தக் கடைக்காரம்மா ஜாடியை வித்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

இந்த ஏழு மாதமாக இந்த நோட்டில்கூட நான் எழுதாத பதில்.

"ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்திருப்பேன்," என்றேன். "இன்னைக்கு உங்க முன்னாலயும் நின்னிருப்பேன். நேர்மையைப் பத்தித்தான் பேசியிருப்பேன்."

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் எதையோ எழுதிக்கொண்டாள்.