சுவரைப் பார்த்த ஐந்து ஸ்பீக்கர்கள்

என் ஆசை அம்மா,

நான் நடந்து வரும் சத்தத்தை வைத்தே என்ன கோபத்தில் வருகிறேன் என்று கட்டிலில் படுத்தபடி கண்டுபிடித்துவிடுவாய். இப்போதும் கண்டுபிடித்திருப்பாய். நீ படுத்திருந்த அறையில் ஹோம் தியேட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்து ஸ்பீக்கர், தரை அதிர அடிக்கிற ஒரு சப்-ஊஃபர். பத்துக்கு ஒன்பது அறைக்கு இதெல்லாம் எதற்கு என்பாய். படம் பார்க்க இல்லை, உன் செல்ல மகன் குமாருக்காகத்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். அப்பா போன பிறகு வீட்டை இரண்டாக்கிக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினோம். இந்தப் பக்கம் நீயும் நானும், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். அன்றைக்கு நின்ற பேச்சுதான், அவனுக்கும் எனக்கும். கடைசி நான்கு மாதம் வலியில் உனக்கு இரவுத் தூக்கமே கிடையாது. மத்தியானம் இரண்டு வாய் கஞ்சி குடித்த பிறகுதான் கண் அசரும். சரியாக அந்த நேரத்துக்கு அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படம் போடுவான். அவனுடைய சப்-ஊஃபர் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. தட்டில் வைத்த உன் மருந்து பாட்டில் நடுங்கும். நீ சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாய். கையால் அழுத்தினால் சத்தம் நிற்குமா அம்மா?

நான் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினால் விடமாட்டாய். "வாணாம்டி, களைச்சி வர்றான். நானே சொல்லிக்கறேன், போன குடு" என்பாய். ஏழு முறை என் ஃபோனில் பேசிப் பதிந்து அவனுக்கு அனுப்பினாய். ஏழிலும் இரண்டு நீல டிக் விழுந்தது. ஒன்றுக்கு மட்டும் கட்டைவிரல் பொம்மை போட்டிருந்தான். சத்தம் ஒரு இழைகூடக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் வந்து ஐந்து நிமிஷம் உட்காருவான். அப்போது மட்டும் நீ சிரித்து, "நல்லாதான் இருக்கேன்பா" என்பாய். அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திவசம். தெருமுனையில் பேனர் கட்டியிருக்கிறான். உன் படத்தைவிட அவன் படம்தான் பெரிது.

பாகூர் கடையிலிருந்து ஸ்பீக்கர் மாட்ட ஒருவர் வந்தார். நிதானமான மனிதர். டேப் பிடித்து அறையை அளந்துவிட்டு, "ரூமு சின்னதும்மா. பின்னாடி ரெண்டையும் தலைக்கு மேல ஏத்திடலாம். சப்-ஊஃபர மட்டும் செவுத்துல ஒட்டி வெக்காதீங்க, பக்கத்து வூட்டு ஜன்னலு ஆடும்" என்றார்.

"செவுத்துல ஒட்டியே வைங்கண்ணா. ஸ்பீக்கர் அஞ்சையும் செவுத்தப் பாத்துத் திருப்பிடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசத்துல கேக்கறவங்களுக்கு முதுக காட்டி நான் ஸ்பீக்கர் வெச்சதே இல்லம்மா" என்றார். கேட்க வேண்டியவன் அந்தப் பக்கம் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. திருப்பி வைத்தார். நடு ஸ்பீக்கரை மாட்டும்போது, "இது பேச்சுக்கும்மா. சண்டை, மியூசிக்கு எல்லாம் மத்ததுல வரும். ஆளு பேசறது இதுலதான்" என்றார்.

அதுவரை, இடி மாதிரி அடிக்கிற ஏதாவது ஒரு படத்தைப் போட்டு அவனை மத்தியானம் நிம்மதியாகப் படம் பார்க்கவிடாமல் செய்யலாம் என்றுதான் இருந்தேன். அவர் சொன்னதும் என் திட்டம் மாறிவிட்டது.

நேற்று மூன்று மணிக்கு அவன் வீட்டில் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் ஃபோனை ஹோம் தியேட்டரில் இணைத்து, உன் முதல் பதிவைப் போட்டேன்.

"குமாரு, அம்மாடா. தல வெடிக்குதுடா. கொஞ்சம் கொறச்சிக்கோயேன், ராசா."

சுவர் முழுக்க உன் குரல். அந்தப் பக்கம் படம் குறையவில்லை, அடியோடு நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பனியனோடு ஓடிவந்து பின்வாசலில் நின்றான். "யக்கா, இன்னா அது? அம்மா பேசற மாரி கேட்டுச்சே."

"அம்மாதான். உனக்கு அனுப்புனது."

"எனக்கா?" ஃபோனை வாங்கி மேலும் கீழும் தள்ளினான். முகம் வெளுத்துவிட்டது. "நான் இத ஒண்ணுகூட கேக்கலக்கா. வாய்ஸா இருந்தா அப்பால கேக்கலாம்னு வுட்டுடுவேன். மருந்து வந்துச்சின்னு அம்மா சொல்லுதுன்னு நெனச்சி ஒண்ணுக்கு வெரல போட்டேன்."

பொய்யில்லை. அவன் போன பிறகு பார்த்தேன். கேட்டிருந்தால் மைக் குறியும் நீலமாகுமாம். ஏழும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. கேட்டும் அசையாத கல்நெஞ்சன் என்று ஒரு வருஷமாக அவனைக் கரித்துக்கொட்டினேன். அவன் உன் குரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதில் எது பெரிய பாவம்? அரை நிமிஷம் கூட இல்லாத பேச்சு அம்மா. பத்தடி நடந்து போய் நான் கேட்டிருக்கலாமே என்கிறாயா? கேட்டிருக்கலாம்தான். அந்தப் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன். அவன் பங்கை யார் சுமப்பது?

போகும்முன் வாசலில் தயங்கி நின்றான். "மீதிய எனக்கு அனுப்பிடுக்கா. அந்தப் பழைய போனு ஒடஞ்சி பூட்ச்சி."

"அனுப்ப மாட்டேன். கேக்கணும்னா இங்க வந்து ஒக்காந்து கேளு."

"எப்போ?"

"வெள்ளிக்கெழம காலைல. படையல் போடறதுக்கு மின்னாடி."

தலையாட்டிவிட்டுப் போனான்.

இன்று ஸ்பீக்கர்காரரை மறுபடி வரவழைத்து ஐந்தையும் அறைக்குள் பார்க்கத் திருப்பச் சொன்னேன். நல்ல புத்தி வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. இவ்வளவு சின்ன அறையில் எல்லா ஸ்பீக்கரும் சமமாகக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று சொல்லி, அளந்து, சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டுக் காட்டினார். உன் தலையணை இருந்த இடம். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் நீ அவனிடம் பேசுவாய்.

பாவம்டி, விட்டுடு என்பாய். தெரியும். ஆனால் ஏழாவது பதிவில் எப்படி அழுதாய் என்று உனக்கு நினைவிருக்காது. பக்கத்தில் இருந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திவிட்டு, மீதி ஆறையும் வரிசையாகப் போடுவேன். மூன்றாவதிலோ நான்காவதிலோ காதைப் பொத்திக்கொண்டு, "கொறச்சிக்கோக்கா" என்று கெஞ்சுவான். குறைக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேட்காத,
உன் பெரிய பொண்ணு
செல்வி