இரண்டு பெயர் வேண்டிய கல்

டெக்கர் கிரீக், மிசௌரி
மார்ச் 4, 2019

என் வெர்லின் கரடிக்கு,

உன்னைப் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது. சர்ச் பெண்கள் கொண்டுவந்த கோழி நூடுல்ஸ் இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது. ஒருத்தியாக எவ்வளவுதான் தின்பது?

நம் கல்லறைக் கல் பட்டறைக்கு இன்று கிளெண்டா வந்தாள். போன வருஷம் நீ திருப்பி அனுப்பினாயே, அவள்தான். பள்ளி பஸ் ஓட்டிய நோராவோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தி, கடைசியில் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டவள். நோராவின் குழிமேல் இன்னும் தகர அட்டைதான். அதிலும் மழையில் பெயர் அழிந்துவிட்டதாம்.

"ஒரே கல்லுல எங்க ரெண்டு பேர் பேரும் வேணும், லோமா. நடுவுல ரெண்டு மோதிரம். எல்லா ஜோடிக்கும் போடுறீங்கல்ல, அதே மாதிரி."

"வெர்லின் முடியாதுன்னு சொன்னாருல்ல?"

"சொன்னாரு. இப்ப உன்னைக் கேக்குறேன்."

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேதத்துக்கு விரோதமானதை நம் பட்டறையில் வெட்டாதே என்றாய். சரி என்றேன். அதையே அவளிடமும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் லோமா

மார்ச் 19

கரடி,

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் என்னை எழுப்பி நிறுத்தி, கிளெண்டாவைத் திருப்பி அனுப்பியதைச் சொல்லி, "விசுவாசத்துல நிலைச்சு நின்ன சகோதரி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எப்போது உட்காருவோம் என்றிருந்தது.

இன்று கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைப் பார்க்க வந்தேன். அங்கே கிளெண்டா மடக்கு நாற்காலி போட்டு, நோராவிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நானும் அதற்குத்தான் வந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தேன்.

"நீ பாட்டுக்குப் பேசு. நான் ஒட்டுக்கேக்க மாட்டேன்" என்றாள்.

"வேற ஊர்ல வெட்டிக்க வேண்டியதுதானே, கிளெண்டா?"

"நோராவோட அம்மா கல்லு, அப்பா கல்லு எல்லாம் உன் எழுத்து. இவளுக்கு மட்டும் முகம் தெரியாதவன் வெட்டணுமா?"

நோராவின் தகர அட்டையைக் குனிந்து பார்த்தேன்; அதில் ஒரு எழுத்தும் இல்லை. உன்னோடு ஒரு வார்த்தையும் பேசாமலே திரும்பிவிட்டேன்.

லோமா

ஏப்ரல் 11

கரடி,

வெட்டிவிட்டேன்.

ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். ஆனாலும் நாற்பது வருஷமாக கல்லில் ஒட்டும் ரப்பர் தாளில் எழுத்து வெட்டியது என் கைதானே. அந்த வெட்டின் வழியே மணல் பாய்ச்சி, கல்லில் எழுத்தைக் குழிப்பது மட்டும்தான் உன் வேலை. உனக்குப் பின் அதைச் செய்யும் ராய்ஸ், தாளில் இருந்த இரண்டு பெண் பெயர்களைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினான்.

"இதை நான் தொட மாட்டேன், லோமா. திட்டணும்னா திட்டிக்கோ."

"எதுக்குத் திட்டணும்? உன் மனசு ஒப்பலை. வீட்டுக்குப் போ. நாளைக்கு வா."

அவன் முகமூடியை நானே மாட்டிக்கொண்டு மணல் பாய்ச்சினேன். பழக்கமில்லாததால் ஒரு மோதிரம் கொஞ்சம் அகலமாகிவிட்டது. "நோராவோடதுன்னு வச்சுக்கிறேன், அவ விரல் பெருசு" என்று கிளெண்டா சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

பாஸ்டர் போன் பண்ணினார். "செத்தவருக்குக் கொடுத்த வாக்கு, சகோதரி" என்றார். ஆமாம், மீறிவிட்டேன் என்றேன். நீ நம்பியது தப்பென்று அவரிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை. அந்தத் தகர அட்டையைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

நம் கல்லில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. நான் சாகும் தேதி மட்டும் பாக்கி. நான் வந்து பக்கத்தில் படுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாயா, கரடி?