பாலத்தின் நடுவில் வந்த முழங்கால் நோவு

3.5.1995

பெற்றோர் கூட்டத்தில், நான்காம் வகுப்புச் சுற்றுலாவுக்குத் துணையாக வர ஆள் கேட்டார் ரீச்சர் பிராவ் கெர்பர். ஒருவரும் அசையவில்லை. என் கை தானாக உயர்ந்துவிட்டது. என் மனைவி றெஜினா வீடு வரும்வரை சிரித்தாள். "கோப்பை கழுவுற இடத்தில பழகின ஜெர்மன் பாஷையை வைச்சுக்கொண்டு பிள்ளையளை மேய்க்கப் போறியளோ?"

ஓம், போறன். ரைன் ஆற்றின் பழைய மரப்பாலத்தைப் பார்க்கப் போகிறோம். அதைப் பற்றி வகுப்புக்கு விளக்கம் சொல்லப்போவது எங்கள் மகள் லாரா. எனக்கு அது போதும்.

11.5

பாலத்தின் இந்த முனைதான் சுவிஸ், மற்ற முனை ஜெர்மனியாம்! லாராவின் விளக்கமும் அக்கரைத் தேவாலய முற்றத்திலாம். எங்கள் அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் 'என்' (N) அட்டைதான் கையில் இருக்கிறது; அதோடு எல்லை தாண்டக் கூடாது, பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

"காய்ச்சல் எண்டு சொல்லிவிடுங்கோ," என்றாள் றெஜினா. கேஸ் விஷயம் வெளியே தெரியக் கூடாதென்று எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் வராத காய்ச்சல் இல்லை. லாரா அழவில்லை. விளக்கத்துக்கு வரைந்த பாலத்தின் படத்துக்கு நிறம் தீட்டினாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

12.5

ஒரு யோசனை. பாலம்வரை போவோம். நடுவில், எல்லைக் கோடு வரும் இடத்தில், எனக்கு முழங்கால் நோகும். அப்பாவைப் பார்க்க மகள் நிற்பாள். பாதிப் பயணமாவது அவளுக்குக் கிடைக்கும்.

ரீச்சரிடம் உண்மையைச் சொன்னால் என்ன? ம்ஹூம். பிறகு பிள்ளையை எல்லோரும் வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

18.5

நாசமாய்ப் போக என்ர மூளை.

எல்லைக் கோட்டுக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்று குந்தினேன். கொஞ்சம் கூடிப்போச்சு. ரீச்சர் வெளிறிப்போனார். கூட வந்த ஒரு தாய் தன் சால்வையால் கட்டுப் போட்டாள். வழியில் வந்த இரண்டு பேர், ஆஸ்பத்திரி கிட்டத்தான் என்று என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம்? ஜெர்மனிப் பக்கம்!

"நைன்! நைன்!" வேண்டாம் என்று கத்தித் துள்ளி இறங்கி இரண்டு காலிலும் வடிவாக நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

லாராவின் முகம் சிவந்துபோயிருந்தது. சுவிஸ் ஜெர்மனில் உரக்கச் சொன்னாள்: அப்பாவுக்குக் கால் நோகவில்லை, எங்களிடம் 'என்' அட்டைதான் இருக்கிறது, நாங்கள் அக்கரைக்கு வர முடியாது.

சிரிப்பு நின்றது. ஆற்றில் குதிக்கலாம் போல இருந்தது எனக்கு. பிராவ் கெர்பர் கிட்ட வந்தார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஹெர் யேசுதாசன்? வேறு இடம் பார்த்திருப்பேனே."

அவர் எல்லோரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம், பாலத்தின் பலகையிலேயே இருத்தினார். லாரா அங்கேயே விளக்கம் சொன்னாள். முதலில் தாளைப் பார்த்து வாசித்தாள். பிறகு உத்தரத்தைக் கையால் தட்டித் தட்டிக் காட்டினாள். நல்லாய்ச் சொன்னாள் என்ர பிள்ளை. ஆனால் எங்கள் ஊர் ஓல்டன் வரும்வரை ரயிலில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

19.5

இன்றும் கதைக்கவில்லை.

7.6

நாளை மறுநாள் பேர்னில் கேஸ் விசாரணை. மூவரும் போக வேண்டும். பள்ளிக்குக் காய்ச்சல் என்று எழுதப் பேனையை எடுத்தாள் றெஜினா.

"வேண்டாம் அம்மா, விசாரணை எண்டு நான் சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"வகுப்பில எல்லாருக்கும். பத்து மணிக்கு எல்லாரும் எங்களுக்காகப் பெருவிரலை மடிச்சுப் பொத்திப் பிடிப்பினம். நல்லது நடக்கவேணுமெண்டால் இங்க அப்பிடித்தான் செய்யிறவை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களும் பிடியுங்கோ."

9.6

றெஜினாவும் லாராவும் வெளியே காத்திருக்க, உள்ளே முதலில் நான் மட்டும். கேள்விக்கு மேல் கேள்வி. முடிவு வர மாதக்கணக்காகுமாம். மணி பத்தானபோது மேசைக்குக் கீழே பெருவிரலைப் பொத்திக்கொண்டேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.